விரிந்த கூந்தலுக்கு முன்னால் ஒரு பெயர் வேண்டும்: ஜப்பானிய ஆவிக் கதைகளின் வழியில் இளையோருக்குத் திகில் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிய ஆவிக் கதைகளின் வழியில் பதின்பருவத்தினருக்குத் திகில் எழுத முனைவோர் பெரும்பாலும் முதலில் எடுத்துக்கொள்வது ஆவியின் தோற்றத்தைத்தான்: வெள்ளை உடை, முகத்தை மறைக்கும் கருங்கூந்தல், கால்களற்ற உருவம். அவை எங்கிருந்து வந்தன என்று அறியாமல் எடுத்தாள்வதே முதல் தவறு. அந்த வெள்ளை உடை, பௌத்த முறைப்படி இறந்தவருக்கு உடுத்தும் ஈமச்சடங்கு உடை. எடோ காலப் (1603–1868) பெண்கள் கூந்தலை வாரி முடிந்தே வைத்திருந்தார்கள். இறந்த பின்பே அது அவிழ்த்துவிடப்பட்டது. ஆகவே, அக்காலத்தவருக்கு விரிகூந்தலைக் கண்டவுடனே இவள் அடக்கம் செய்யப்பட்டவள் என்று விளங்கிவிடும். கால்களற்ற உருவம் 18ஆம் நூற்றாண்டு ஓவியர் மாருயாமா ஓக்யோவின் ஓவியங்களால் பரவியது என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி.

இந்தக் காரணங்கள் தெரிந்தால் தோற்றத்தைக் கைவிட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் கையாள முடியும். உயிரோடிருப்பவர்கள் ஜப்பானிய மரபு உடையான கிமோனோவை இடப்பக்க மடிப்பு மேலே வரும்படி உடுத்துவார்கள். இறந்தவருக்கு மட்டும் வலப்பக்கம் மேலே வரும். கோடைத் திருவிழாவின் கூட்டத்தில், வகுப்புக்குப் புதிதாக வந்த மாணவி யுகாதா என்னும் மெல்லிய கோடைக்காலக் கிமோனோ அணிந்து வந்து நிற்கிறாள். எல்லோரும் அழகாயிருக்கிறது என்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் ஒருத்தி மட்டும் அந்த மடிப்பைப் பார்த்துவிடுகிறாள். அந்தக் காட்சிக்கு அலறல் தேவையில்லை.

யூரெய், யோகாய் என்னும் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது அடுத்த தவறு. யூரெய் என்பது வாழ்ந்து இறந்த ஒரு குறிப்பிட்ட மனிதரின் ஆவி. அதற்குப் பெயரும், முடிக்காமல் விட்ட ஒரு காரியமும் உண்டு. யோகாய் என்பது ஆற்றில் வாழும் கப்பாவைப் போன்ற விந்தை உயிர்களையும் நிகழ்வுகளையும் குறிக்கும் பரந்த சொல். கப்பாவுக்கு வெள்ளரிக்காய் மீது ஆசை, அதன் உச்சந்தலைக் குழியிலிருக்கும் நீர் சிந்திவிட்டால் அதன் வலிமை போய்விடும். இந்த இரண்டாவது வகையில் யாருடைய துயரமும் தீர்க்கப்படக் காத்திருக்க வேண்டியதில்லை. நாட்டாரியல் அறிஞர் யனகிதா குனியோ, யோகாய் ஓர் இடத்தைப் பற்றியிருக்கும், யூரெய் ஒரு மனிதரைத் தேடி வரும் என்று பிரித்துக் காட்டினார். இதற்கு விலக்குகள் உண்டு. ஆனாலும் கதையைத் தொடங்குமுன் ‘இது யாரைத் தேடி வருகிறது?’ என்று எழுதுபவர் கேட்டுக்கொண்டால் பாதிக் கதைக்குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இடத்தைப் பற்றிய பிழைகள் பலவற்றுள் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன்: ஜப்பானின் மரபுச் சமயமான ஷிண்டோவின், சிவப்புத் தோரண வாயிலுடைய ஆலயத்தின் பின்புறம் கல்லறைகளை வைத்துக் கதை எழுதுவது. ஷிண்டோ மரபில் மரணம் தீட்டு. கல்லறைத் தோட்டங்கள் வழக்கமாகப் பௌத்தக் கோயில்களைச் சார்ந்தே இருக்கும். ஜப்பானில் ஆவிக் கதைகளுக்குரிய பருவம் கோடைக்காலம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முன்னோரின் ஆவிகள் வீடு திரும்புவதாக நம்பப்படும் ஓபோன் நாட்கள் பெரும்பாலான பகுதிகளில் ஆகஸ்டு நடுவில் வருகின்றன.

நான் மிகவும் வருந்தும் தவறு, எல்லாவற்றையும் விளக்கிவிடுவது. ஒகிகுவின் கதையைப் பாருங்கள். ஒரு சாமுராயின் வீட்டுப் பணிப்பெண்ணான அவளிடம் விலையுயர்ந்த பத்துத் தட்டுகள் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. தன் ஆசைக்கு இணங்காத அவளைப் பணியவைப்பதற்காக எசமானன் ஒன்றை மறைத்துவிடுகிறான். அவள் அப்போதும் மறுக்கவே, கொன்று கிணற்றில் எறிகிறான். பல வடிவங்களில் வழங்கும் இக்கதையோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் கிணறு ஒன்று ஹிமெஜி கோட்டையில் இன்றும் இருக்கிறது. இரவானால் கிணற்றுக்குள்ளிருந்து குரல் எழும்: ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பது வரை வரும். பிறகு ஓலம். தட்டு எண்ணுவது அன்றாடம் எந்தச் சமையலறையிலும் நடக்கும் வேலை. கேட்பவரின் மனம் தானாகவே அடுத்த எண்ணுக்குக் காத்திருக்கப் பழகியிருப்பதால், அந்தப் பத்து வராமல் போகும்போது அச்சம் கேட்பவருக்குள்ளேயே பிறக்கிறது. இங்கே ஒரு முதியவரை அழைத்து வந்து சாபத்தின் வரலாற்றை இரண்டு பக்கம் பேசவைத்தால், அந்த மௌனம் வீணாகிவிடும். வாசகருக்குத் தெரிய வேண்டியதை முன்பே, அச்சமில்லாத ஒரு பகற்பொழுதில் சொல்லிவிடுங்கள். கிணற்றடியில் எண்களை மட்டும் விடுங்கள்.

இளையோர் கதைக்கென்றே உரிய தவறுகளும் உண்டு. அவர்களுடைய உலகத்தில் ஏற்கெனவே இருக்கும் அச்சத்தை விட்டுவிட்டுப் பாழடைந்த மாளிகையைத் தேடிப் போவது அவற்றுள் ஒன்று. ஜப்பானியப் பள்ளிச் சிறுவர்களின் கதைகளில் ஹனாகோ என்னும் சிறுமி பள்ளிக் கழிப்பறையில் இருக்கிறாள்: மூன்றாம் மாடி, மூன்றாவது கதவு, மூன்று தட்டல். வாய் கிழிந்த பெண்ணைப் பற்றிய வதந்தி 1979இல் நாடெங்கும் பரவியபோது, வழிமறித்து அவள் கேட்பதாகச் சொல்லப்பட்ட ‘நான் அழகா?’ என்ற கேள்விக்கு ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாமல் ‘சுமார்’ என்று சொல்லித் தப்பலாம், மிட்டாயை எறிந்துவிட்டு ஓடலாம் என்றெல்லாம் பிள்ளைகளே தமக்குள் விதிகள் வகுத்துக்கொண்டார்கள். தப்பிக்கும் வழியைப் பெரியவர் எவரும் கற்றுத்தரவில்லை. பள்ளிவிட்டு வீடு திரும்பும் வழியில் அவர்களே கண்டுபிடித்தார்கள். இதைவிடச் சிறந்த இளையோர் கதைக்களம் எனக்குத் தெரியவில்லை.

மற்றொன்று பெரிய தவறு. வதைக்கப்பட்ட மாணவி உயிரை மாய்த்துக்கொண்டு, ஆவியாகத் திரும்பி, வதைத்தவர்களை ஒவ்வொருவராகப் பழிதீர்ப்பதாக எழுதுவது எளிது. பழிவாங்கும் ஆவியான ஒன்ரியோவின் மரபு அதற்கு இடம் கொடுப்பதுபோலவும் தோன்றும். ஆனால் அதே வதையைப் பள்ளியில் அனுபவித்துக்கொண்டிருக்கும் பதினான்கு வயது வாசகரின் கையில் அந்தப் புத்தகம் இருக்கக்கூடும். சாவு பலம் தரும் என்னும் பொய்யை அவருக்கு நாம் சொல்லக் கூடாது. இறந்தவள் இழந்ததை எழுதுங்கள். கதையின் மையத்தில் உயிரோடிருப்பவள் இருக்கட்டும். அவள் வாய் திறக்கும்போது நம்புகிற ஒரு பெரியவராவது அருகே இருக்கட்டும்.

இறுதி அத்தியாயத்தில் ஆவியைச் சண்டையிட்டு அழித்துவிடுவதும் இந்த மரபுக்கு ஒட்டாது. அரசவை அறிஞரான சுகவாரா நோ மிச்சிசானே, வீண்பழியால் நாடுகடத்தப்பட்டு 903இல் கியூஷு தீவிலுள்ள தஸாய்ஃபுவில் இறந்தார். 930இல் கியோத்தோ அரண்மனையில் இடி விழுந்து பிரபுக்கள் மாண்டபோது அது அவருடைய சினமே என்று அஞ்சினார்கள். பின்னர் அவருக்கு ஆலயம் எழுப்பி வணங்கத் தொடங்கினார்கள். இன்று அவர் கல்விக்குரிய தெய்வம். தேர்வுக்கு முன் மாணவர்கள் அவரிடம்தான் வேண்டிக்கொள்கிறார்கள். ஒகிகுவின் கதைக்கும் இப்படி ஒரு முடிவு சில வடிவங்களில் உண்டு. கிணற்றருகே மறைந்திருக்கும் ஒருவர், அவள் ஒன்பது என்று சொல்லி முடித்ததும், ‘பத்து’ என்று உரக்கச் சொல்கிறார். அதன்பின் அவள் வருவதில்லை.