தஞ்சை அரண்மனை அருங்காட்சியகங்களைப் பார்க்கும் முறை

தஞ்சை அரண்மனைக்குச் செல்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது ஒரே அருங்காட்சியகம் அன்று என்பதுதான். கலைக்கூடம், மராட்டியர் தர்பார் மண்டபம், சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம், அரச குடும்பத்தின் சேகரிப்பு ஆகியவை ஒரே வளாகத்துக்குள் வெவ்வேறு நிர்வாகங்களின்கீழ் இயங்குவதால், நுழைவுச்சீட்டு வாங்கும்போதே அது எந்தெந்தப் பகுதிக்குச் செல்லும், எந்தப் பகுதிக்கு அன்று விடுமுறை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய பேருந்து நிலையத்திலிருந்து அரண்மனை இருக்கும் கீழராஜவீதிக்கு நடந்தே போய்விடலாம். அரண்மனையைச் சூழ்ந்திருந்த கோட்டை மதிலின் பெரும்பகுதி அழிந்துவிட்டாலும், கீழ அலங்கம், மேல அலங்கம், வடக்கு அலங்கம் என்னும் தெருப்பெயர்களும் (அலங்கம் என்றால் கோட்டைக் கொத்தளம்) அகழியின் மிச்சமும் அதன் எல்லையை இன்றும் காட்டுகின்றன.

உள்ளே நுழைந்ததும் மற்றவற்றை ஒத்திவைத்துவிட்டு, கால் ஓயாத நேரத்திலேயே கலைக்கூடத்துக்குச் செல்ல வேண்டும். 1951இல் தொடங்கப்பட்ட இக்கூடத்தின் சோழர் செப்புத் திருமேனிகளுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்காவிட்டால் வந்ததில் பாதி வீண் என்பேன். ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள ஊர்ப்பெயரைப் படித்துக்கொண்டே நகருங்கள்; டெல்டாக்காரர்களுக்குப் பேருந்துப் பலகையில் பார்த்துப் பழகிய ஊர்களாகவே அவை இருக்கும். திருவெண்காட்டு மண்ணிலிருந்து கிடைத்த, முதலாம் இராசராசன் காலத்து (1011) ரிஷபவாகனர், அதாவது காளைமீது சாய்ந்து நிற்கும் சிவன், முன் மட்டும் அவசரப்படக் கூடாது. காளை கிடைக்கவில்லை, ஆயினும் அதன்மீது சாய்ந்திருந்த கையின் வளைவும், ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே வைத்து நிற்கும் ஒயிலும், தலைப்பாகைபோல் சுற்றிய சடையும் சேர்ந்து, அங்கே காளை நிற்பதாகவே நம்ப வைத்துவிடுகின்றன. பக்கவாட்டில் நகர்ந்து நின்று பார்த்தால் அந்தச் சாய்வு இன்னும் தெளிவாகத் தெரியும்.

தர்பார் மண்டபத்தில் தூண்களையும் மேல்விதானத்து வண்ணங்களையும் பார்த்துக் கடக்கலாம். மணிக்கோபுரத்தில் ஏற அனுமதி இருந்தால், குறுகலான படிகள் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒத்துவரா என்பதை நினைவில் கொள்க. தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் இவ்வளாகத்தில்தான் இருக்கிறது. அரண்மனைக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள், குழந்தைகள் அதைத்தான் தேடுவார்கள்.

நூலகத்தின் சுவடிக் களஞ்சியம் ஆய்வாளர்களுக்கு உரியது. பொதுமக்கள் காட்சிக்கூடத்தைப் பார்க்கலாம். 1798 முதல் 1832 வரை ஆண்ட தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி சேர்த்த நூல்களும் படங்களும் ஓலைச்சுவடிகளும் இங்கே கண்ணாடிக்குள் உள்ளன. எழுத்து மிக நுணுக்கமாதலால் மூக்குக்கண்ணாடியை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். அம்மன்னர் கண் நோய்க்குச் சிகிச்சை அளித்தபோது நோயாளிகளின் கண்களை வரைந்து வைத்த ஆவணங்களும் நூலகத்தின் சேகரிப்பில் உண்டு. அவற்றைப் பற்றியோ மோடி எழுத்து (மராத்தி எழுதப் பயன்பட்ட பழைய எழுத்துமுறை) ஆவணங்களைப் பற்றியோ மேலும் அறிய விரும்பினால், வெளியேறும் முன் நூலகத்தின் பதிப்பு விற்பனைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். பல பழஞ்சுவடிகள் அச்சு நூல்களாகவே அங்கே கிடைக்கின்றன.