திருகோணமலையிலிருந்து ஒரு சிவப்புக் குறுமீனின் கோளைப் பிடிப்பது எப்படி

சிவப்புக் குறுமீன் என்பது சூரியனைவிட மிகச் சிறிய, மங்கலான செந்நிற விண்மீன். கோள் தன் மீனின் முன்னால் கடக்கும்போது ஒளி சற்றுக் குறையும். அந்தக் கடப்பை அளந்தே கோளைப் பிடிக்கிறோம். பூமியளவு கோள் ஒன்று நமது சூரியனின் முன்னால் கடந்தால் ஒளி 0.0084 சதவீதம்தான் குறையும். வீட்டுத் தொலைநோக்கிக்கு அது எட்டாது. ஆனால் டிராப்பிஸ்ட்-1 என்ற சிவப்புக் குறுமீனின் ஆரை சூரியனுடையதில் 0.12 பங்குதான். அதே கோள் அதை மறைத்தால் 0.6 சதவீதம் இருண்டுவிடும். அண்டைச் சிவப்புக் குறுமீன்களில் பூமியளவு கோள்களைத் தேடுவதன் கணக்கு இவ்வளவுதான்.

முதல் இலக்காக டிராப்பிஸ்ட்-1 ஐ எடுக்க வேண்டாம். அது மிக மங்கல், 40 சென்ரிமீற்றர் ஆடியாவது வேண்டும். ஜிஜே 1214 என்ற குறுமீனை எடுங்கள். அதன் கோளை 2009 இல் எம்எர்த் என்ற கோள்தேடும் குழு கண்டுபிடித்ததும் 40 சென்ரிமீற்றர் தொலைநோக்கிகளால்தான். கோள் பூமியைப் போல் 2.7 மடங்கு பெரியது. 1.58 நாளுக்கு ஒருமுறை, 52 நிமிடம், 1.35 சதவீதம் ஒளியை மறைக்கும். 25 சென்ரிமீற்றர் ஆடியும் குளிரூட்டிய மொனோ (கறுப்பு-வெள்ளை) கமராவும் இருந்தால் கைக்கு எட்டும் வேலை.

நமக்கு இதில் இரண்டு வாய்ப்பு. யூன், யூலையில் இந்த மீன் நடுஇரவை ஒட்டி உச்சிக்கு வரும். அப்போது நமது பக்கம் மாரி இல்லை, கச்சான் காற்றுக் காலம். அடுத்தது, உச்சிக்கு 4 பாகை தெற்கே மட்டும் விலகிக் கடக்கிறது. உச்சியைத் தாண்டி இரண்டரை மணித்தியாலம் போனாலும், நேர் உச்சியில் உள்ளதைப் போல் 1.3 மடங்குக்கு மேல் காற்றை ஒளி ஊடுருவ வேண்டியதில்லை.

தொல்லை மவுண்டில் (தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு திருப்பும் அமைப்பு) தொடங்கும். 8.5 பாகை அகலாங்குக்குப் பல மவுண்டுகள் இறங்கா. முக்காலியின் ஒற்றைக் காலைத் தெற்கே வைத்து, அதன் கீழ் ஒரு பலகைத் துண்டைக் கொடுங்கள். தலை வடக்கே சாயும், எதிர்நிறையும் மற்ற இரண்டு கால்களுக்கிடையே தட்டாமல் தொங்கும். துருவ மீனை நம்பாதீர்கள். அந்த உயரத்தில் அது தென்னைக்கும் மூட்டத்துக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். படமெடுத்து மென்பொருளால் திசை கணித்துத் துருவ அச்சைச் சரிசெய்வதே சுலபம். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல் வெளிச்சம் கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். உப்புக் காற்று பட்ட இரும்பை அன்றிரவே துடைத்துவிடுங்கள்.

மீன் உச்சியைக் கடந்ததும் மவுண்ட் தொலைநோக்கியை மறுபக்கம் புரட்டும். அப்போது மீன் கமராவின் வேறு பிக்சல்களுக்குத் தாவும், ஒளியளவின் வளைவில் ஒரு படி விழும். ஆகவே மீன் உச்சியைக் கடந்து சுமார் ஒரு மணித்தியாலத்துக்குப் பின் கடப்பின் நடுப்பகுதி வரும் இரவைத் தேர்ந்தெடுத்து, புரட்டல் முடிந்த கையோடு பதிவைத் தொடங்குங்கள். கடப்புக்கு முன் அரை மணித்தியாலமும் பின் ஒரு மணித்தியாலமும் கட்டாயம். தவறவிட்டால் 19 நாள் கழித்து, கிட்டத்தட்ட 50 நிமிடம் முந்தி, அதே காட்சி திரும்பும்.

பில்டர் விடயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். காட்சிப் பிரகாச எண் (கூடக் கூட மங்கல்) 14.7 ஆனாலும் ஐ-பில்டரில் (அகச்சிவப்பை ஒட்டிய ஒளியை மட்டும் விடுவது) மீன் 3 எண் அளவு கூடுதல் பிரகாசம். நிலவொளியும் அவ்வளவு தொந்தரவில்லை. பில்டரே இல்லாமலோ, நீள அலைகளை முழுதும் விடும் கண்ணாடியாலோ எடுத்தால், 940 நனோமீற்றரை ஒட்டி நீராவி உறிஞ்சும் ஒளியும் உள்ளே வரும். கடற்கரையில் ஈரப்பதம் மாற மாற, செம்மீனின் ஒளி ஒரு விதமாகவும், ஒப்பிடுவதற்காக அளக்கும் பக்கத்து மீன்களின் ஒளி வேறு விதமாகவும் ஆடும். இல்லாத கோளைக் காட்டுவது பெரும்பாலும் இதுதான்.

பிளாட் படங்களை (கமராவின் சீரின்மையைத் திருத்த, சீராக ஒளிரும் வானத்தை எடுப்பவை) மைமலிலேயே எடுத்துவிடுங்கள். நமது பக்கம் இருட்டு விறுக்கென்று கவியும், இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது. பிறகு 60 முதல் 90 வினாடிப் படங்கள். 16 பிட் கமராவில் எந்த மீனும் 40,000 எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. மடிகணினி நேரத்தை இணையத்தோடு ஒத்திசையுங்கள். பூமி தன் பாதையில் எங்கே நிற்கிறது என்பதால் ஒளி வந்துசேரும் நேரத்தில் ஏற்படும் 8 நிமிடம் வரையான வித்தியாசத்தை அஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற மென்பொருள் திருத்தும்.

அதே மென்பொருளில் ஐந்தாறு ஒப்பீட்டு மீன்களை, இயன்றவரை சிவந்தவையாக, எடுத்து, அவற்றோடு நமது மீனின் ஒளி விகிதத்தைக் கணியுங்கள். 1.000 இலிருந்து 0.9865 க்கு இறங்குகிறதா? இறங்க ஏறத்தாழ 6 நிமிடம் எடுக்க வேண்டும். ஒரே படத்தில் விழுந்தால் அது கமராவின் கோளாறு. திடீரென ஏறி மெல்ல இறங்கினால் மீனின் சுவாலை. இந்த வகை மீன்களுக்கு அது வழக்கம். ஆழத்தின் வர்க்கமூலத்தை (0.116) மீனின் ஆரையால் (சூரியனின் 0.215) பெருக்கி, 109 ஆல் பெருக்கினால் கோளின் ஆரை பூமி ஆரைகளில் வரும்.

இது கைவந்தபின் புதிய கோள் தேடலில் சேரலாம். 2018 இல் ஏவப்பட்ட டெஸ் என்ற கோள்தேடும் விண்கலத்தின் ஒரு பிக்சல் 21 வில்வினாடி (ஒரு பாகையில் 3600 வில்வினாடி) அகலம். இருள்வது குறுமீனா, ஒன்றையொன்று மறைக்கும் பக்கத்து இரட்டை மீனா என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. குறித்த நேரத்தில் 2.5 வில்நிமிடத்துக்குள் உள்ள ஒவ்வொரு மீனையும் அளந்து, எது இருண்டது, எது இருளவில்லை என்று எழுதுவதுதான் உங்கள் வேலை. குறுமீனில் குறைவு தெரியாவிட்டாலும் அந்தப் பட்டியலைத் தேடல் குழுவுக்கு அனுப்புங்கள்.