பைத்தானில் எழுதியது டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்ததா?

லினக்ஸில் ஒரு பைத்தான் நிரல் ஃபைலில் எழுதும்போது, எழுதியது நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. முதலில் பைத்தானின் சொந்த பஃபரில், அதாவது தற்காலிகத் தேக்கத்தில் தங்கும்; அப்புறம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பேஜ் கேஷில், அதாவது ரேமில். பொதுவாக 30 விநாடி பழசானதைத்தான் கெர்னல் தானாக டிஸ்க்குக்கு அனுப்பும். அதற்குள் கரண்ட் போனால் போனதுதான்.

முதலில் இதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். பெரிய ஃபைல் ஒன்றை எழுதிய கையோடு, ப்ராக் ஃபோல்டருக்குள் இருக்கும் மெம்இன்ஃபோவில் 'டர்ட்டி' என்ற வரியைப் பாருங்கள். இன்னும் டிஸ்க்கில் ஏறாத அளவு அங்கே தெரியும். டெர்மினலில் 'சிங்க்' என்று அடித்தால் அது குறையும்.

இரண்டாவது படி, நிரலுக்குள் அதையே செய்வது. எழுதி முடித்ததும் ஃபைலின் ஃப்ளஷை (பஃபரில் இருப்பதைக் கெர்னலுக்குத் தள்ளுவது) அழைத்து, பிறகு ஓஎஸ் மாட்யூலின் எஃப்சிங்க்குக்கு (கெர்னலில் இருப்பதை டிஸ்க்கில் இறக்குவது) அந்த ஃபைலின் ஃபைல்நோவை, அதாவது ஃபைலுக்குக் கெர்னல் தந்த எண்ணைக் கொடுங்கள். வரிசை முக்கியம்: ஃப்ளஷை விட்டுவிட்டால் பைத்தான் பஃபரில் இருப்பது கெர்னலுக்கே தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் எஃப்சிங்க் போட வேண்டாம், நிரல் ஊர்ந்துபோகும். ஒரு தொகுப்புக்கு ஒன்று போதும்.

ஏற்கெனவே இருக்கும் ஃபைலை மாற்றுவதுதான் சிக்கலான இடம். அதன் மேலேயே எழுதினால், பாதியில் நின்றால் பழசும் இல்லை, புதுசும் இல்லை. அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைல் ஒன்றில் எழுதி, ஃப்ளஷ், எஃப்சிங்க் முடித்து, ஓஎஸ் மாட்யூலின் ரீப்ளேஸால் பழைய பெயருக்கு மாற்றுங்கள். கடைசியில் ஃபோல்டரையும் திறந்து எஃப்சிங்க் செய்யுங்கள். பெயர் மாறிய தகவல் அங்கேதான் இருக்கிறது. பலர் விட்டுவிடும் படி இது.

எஃப்சிங்க் பிழை தந்தால் மறுபடி அழைத்துப் பார்க்காதீர்கள். முதல் தோல்வியிலேயே கெர்னல் அந்தத் தரவு இருக்கும் கேஷ் பக்கங்களைச் சுத்தமானவை (டிஸ்க்கில் ஏறிவிட்டவை) என்று குறித்துவிடக்கூடும். இரண்டாவது அழைப்பு பொய்யாக வெற்றி சொல்லும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் குழுவினரே 2018-இல்தான் இதை உணர்ந்தார்கள். தரவை முதலிலிருந்து எழுதுவதே வழி.

படிக்கும் பக்கம் எளிது. பேக்கப் மாதிரி ஒரே தடவை படிக்கும் பெரிய ஃபைல் கேஷை அடைத்துக்கொண்டால், படித்து முடித்ததும் ஓஎஸ் மாட்யூலின் போஸிக்ஸ்_எஃப்அட்வைஸை 'டோன்ட்நீட்' (இனித் தேவையில்லை) குறியோடு அழையுங்கள். டர்ட்டி பக்கங்களை, அதாவது இன்னும் டிஸ்க்கில் ஏறாதவற்றை அது விடுவிக்காது, எனவே எழுதிய ஃபைலென்றால் முதலில் எஃப்சிங்க்.

ஃபைலைத் திறக்கும்போது கொடுக்கும், கேஷையே தாண்டிப்போகும் ஓ_டைரக்ட் குறி கவர்ச்சியாகத் தெரியும். நினைவக முகவரி, நீளம், ஆஃப்செட் (ஃபைலுக்குள் தொடங்கும் இடம்) எல்லாம் பிளாக் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்ற தொல்லை அதில் உண்டு. சொந்தமாகக் கேஷ் வைத்திருக்கும் டேட்டாபேஸ்களுக்கு அது சரி. உங்கள் லாக் ஃபைலுக்குத் தேவையில்லை.

மேக்கில் ஓட்டுவதானால் ஒன்று: அங்கே எஃப்சிங்க் டிரைவின் உள் கேஷை டிஸ்க்கில் இறக்காது. எஃப்சிஎன்டிஎல் மாட்யூல் வழியாக எஃப்_ஃபுல்எஃப்சிங்க் கொடுக்க வேண்டும்.