எதற்கு என்று கேட்காமல் ஐசியை நீட்டாதீர்கள்

போன கிழமை, படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் ஒரு பிள்ளை தன் ஐசியோடு, அதாவது தேசிய அடையாள அட்டையோடு, என் கடைக்கு வந்தாள். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பதினாறு வருடமாகக் கொமினிகேஷன் கடை நடத்துகிறேன். ரீலோட், போட்டோ கொப்பி, லமினேட்டிங், ஒன்லைன் விண்ணப்பம், புதிதாக ஸ்மார்ட்போன் வாங்கியவர்களுக்கு அதைப் பழக்கிவிடுவது, எல்லாம் செய்கிறேன்.

"அண்ணா, என்ர ஐசியை ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிவிடுங்கோ."

"ஆருக்கு?"

"ஒரு வேலைக்கு."

"எந்தக் கொம்பனி?"

"அது பிறகுதான் சொல்லுவினமாம்."

நான் ஸ்கேன் பண்ணவில்லை. அவளை உட்காரவைத்து ஒரு கதை சொன்னேன். அதே கதையைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். 2018இல் நான் செய்த அதே பிழையை, அதே அவசரத்தோடு, கிழமைக்கு இரண்டு பேராவது என் கவுண்டருக்கு முன்னால் நின்று செய்யப் பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள், தபால் திணைக்களத்தின் பெயரில் பார்சல் வந்திருப்பதாக வரும் லிங்க்கைத் தொடாதீர்கள், விழாத லொத்தருக்குப் பரிசு வராது. இவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது வேறு.

ஐசியின் படத்தை அப்படியே அனுப்புவது

மச்சான் யாழ்ப்பாணத்திலிருந்து வேலை மாறி வந்தார். அவருக்கு ஓர் அனெக்ஸ் தேவைப்பட்டது. ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம்: பம்பலப்பிட்டி, இரண்டு அறை, வாடகை மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் குறைவு. நம்ப முடியாத அளவுக்குக் குறைவு இல்லை. அதுதான் அவர்களுடைய கெட்டித்தனம். போனில் பேசியவர் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினார். "நிறையப் பேர் கேட்கினம் அண்ணை, ஒரு இருபதாயிரம் அட்வான்ஸ் போட்டால் உங்களுக்கு வைக்கிறன். அக்ரிமென்ட் எழுத உங்கட ஐசியையும் அனுப்புங்கோ. பயப்பிடாதேங்கோ, என்ர ஐசியையும் அனுப்பிவிடுறன்" என்றார்.

அவருடைய ஐசி வந்தது. நடுத்தர வயது முகம், கொழும்பு முகவரி. அந்தப் படம்தான் என்னை வீழ்த்தியது. தன் ஐசியைக் காட்டுகிறவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன். காசைப் போட்டேன். என் ஐசியின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த நாள் அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

இருபதாயிரம் போனது போனதுதான் என்று விட்டுவிட்டேன். அதற்குள் உண்மையான நட்டம் தொடங்கியிருந்தது எனக்குத் தெரியாது.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, மட்டக்களப்பிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தகப்பன் கையில் போன். திரையை என் பக்கம் திருப்பி, "இது நீங்கள்தானே?" என்று கேட்டார். என் ஐசி. என் முகம், என் கையெழுத்து, என் முகவரி. அந்த முகவரியைப் பிடித்துத்தான் இரவு பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். அவருடைய மகளுக்கு அறை தருவதாகச் சொல்லி நாற்பத்தையாயிரம் வாங்கியவன், தன்னுடைய ஐசி என்று காட்டியது என்னுடையதை.

எனக்கு அனுப்பப்பட்ட அந்த நடுத்தர வயது முகம் யார் என்று அப்போதுதான் புரிந்தது. அவரும் என்னைப் போல யாரோ ஒருவரை நம்பி அனுப்பியவர். ஒருவரின் ஐசியைக் காட்டி அடுத்தவரின் ஐசியை வாங்குகிறார்கள். அதைக் காட்டி அடுத்தவரை ஏமாற்றுகிறார்கள். நான் அனுப்பிய படம் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. அந்தத் தகப்பனின் காசு போனதற்கு என் கையும் ஒரு காரணம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அன்றே பொலிஸுக்குப் போய் என்ட்ரி போட்டேன். அந்த என்ட்ரியின் கொப்பியை அந்த வருடத்தில் மட்டும் இன்னும் நாலு பேருக்குக் காட்ட வேண்டி வந்தது. ஒருவர் நம்பவேயில்லை. கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்.

ஐசியில் என்ன பெரிதாக இருக்கிறது என்று கேட்பார்கள். அந்த இலக்கத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பழைய ஒன்பது இலக்க ஐசியில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. 032 என்றால் பெப்ரவரி 1. பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டுவார்கள், 532 ஆகிவிடும். 2016இலிருந்து வரும் பன்னிரண்டு இலக்கத்தில் வருடம் முழுதாக நாலு இலக்கத்தில் இருக்கும், மற்றது அதே கணக்கு. அதாவது இலக்கத்தை மட்டும் சொன்னாலே உங்கள் பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிட்டீர்கள். இரண்டு பக்கத்தையும் அனுப்பினால் முழுப்பெயரும் முகவரியும் சேர்ந்துவிடும். வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் உங்களுக்கு போன் எடுத்து, இவ்வளவையும் கடகடவென்று ஒப்புவித்தால், அவன் வங்கிக்காரன்தான் என்று நம்பிவிட மாட்டீர்களா?

நம் ஆட்கள் ஐசியைக் கேட்டவுடன் நீட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. யுத்த காலத்தில் கொழும்பில் இருந்த தமிழருக்கு ஐசி என்பது உயிர். செக்பொயின்டில் காட்ட வேண்டும். லொட்ஜில் காட்ட வேண்டும். வீட்டுக்காரர் பொலிஸ் பதிவுக்குக் கேட்டால் கொப்பி கொடுக்க வேண்டும். எதற்கு என்று திருப்பிக் கேட்டால் பிரச்சினை வரும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். என் அப்பா சட்டைப் பையில் மூன்று கொப்பி மடித்து வைத்திருப்பார். அந்தப் பழக்கம் எங்களைக் காப்பாற்றிய காலம் ஒன்று இருந்தது. இப்போது அதே பழக்கத்தை மோசடிக்காரன் பயன்படுத்துகிறான். பிள்ளைகள் செக்பொயின்டைக் கண்டதில்லை, ஆனால் கேட்டவுடன் நீட்டும் கையை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

எதற்கு என்று கேட்பது இப்போது மரியாதைக் குறைவு இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே அதுதான்: ஒருவரின் விவரத்தைச் சேர்ப்பவர் குறித்த ஒரு நோக்கத்துக்காகவே சேர்க்க வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் சேர்க்கக் கூடாது.

கொடுத்தே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. வங்கி, சிம், உண்மையான வாடகை ஒப்பந்தம். அங்கே கொடுக்கும் கொப்பியின் குறுக்கே, முகத்தை மறைக்காமல், ஆனால் இலக்கத்தையும் படத்தின் ஓரத்தையும் தொட்டுக்கொண்டு எழுதுங்கள்: யாருக்கு, எதற்கு, என்ன திகதி. "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று எழுதிய கொப்பியை எடுத்துக்கொண்டு போய்ச் சிம் வாங்குவது கஷ்டம். தமிழில் மட்டும் எழுதாமல் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ சேர்த்து எழுதுங்கள், இந்த ஊரில் அதைப் பார்க்கப்போகிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். போனில் அனுப்புவதென்றால் கலரியில் எடிட் அழுத்தி, படத்தின் மேலேயே எழுதலாம். தேவையில்லாத பகுதியை மறைக்கும்போது மார்க்கர் மாதிரிக் கோடு இழுக்காதீர்கள். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எழுத்து தெரிந்துவிடும். முழுக் கறுப்புப் பெட்டியாகப் போட்டு, அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷொட்டை அனுப்புங்கள்.

வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஐசியும் இல்லை, காசும் இல்லை. கொழும்பில் ஆள் இல்லாத வெளியூர்க்காரர் என்றால், தெரிந்த ஒருவரை ஓட்டோவில் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொப்பிக் கடையில் பழுதான தாளை விட்டுவிட்டு வருவது

இது என் தொழிலைப் பற்றிய விஷயம் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன். மெஷினில் மை மங்கினால், தாள் சரிந்தால், ஒரு கொப்பி பழுதாகும். நல்லதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பழுதானது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

பழைய தாளைக் கிலோக் கணக்கில் விற்கலாம். சில வருடங்களுக்கு முன் காலிமுகத்திடலில் பிள்ளைகளோடு நின்று கடலை வாங்கினேன். கடலை முடிந்ததும் சுருளைப் பிரித்தேன். யாரோ ஒரு பெண்ணின் கடன் விண்ணப்பத்தின் பாதி. பெயர், தொலைபேசி, சம்பளம், அவிந்த கடலையின் ஈரம் பட்டு மை லேசாக ஊறியிருந்தது. அதைக் கிழித்துத்தான் குப்பையில் போட்டேன். அடுத்த நாளே கடையில் தாள் வெட்டும் சின்ன மெஷின் ஒன்று வாங்கி வைத்தேன். எல்லாக் கடையிலும் அது இருக்காது. பழுதான கொப்பியையும் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிறந்த திகதியைக் கடவுச்சொல்லாக வைப்பது

மேலே ஐசி இலக்கத்தைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாசியுங்கள்.

கணக்கை இரவல் கொடுப்பது

ஏ.எல். முடித்துவிட்டு இருக்கும் பிள்ளைகளுக்கு டெலிகிராமில் இப்படி ஒரு வேலை வருகிறது: "உங்கள் கணக்குக்குக் காசு வரும். நூற்றுக்கு ஐந்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்புங்கள்." வீட்டில் இருந்தபடி சம்பாத்தியம் என்று நினைக்கிறார்கள். வருவது ஏமாந்த யாரோ ஒருவரின் காசு. அந்த ஆள் முறையிட்டால் பொலிஸுக்கு முதலில் கிடைக்கும் பெயர் உங்களுடையது, ஏனென்றால் கணக்கு உங்களுடையது. எனக்குத் தெரியாது என்று சொன்னால் உடனே விட்டுவிட மாட்டார்கள். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பத்தொன்பது வயதில் அதில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஏடிஎம் கார்ட்டை ஒரு கிழமைக்கு இரவல் கேட்பவருக்கும் இதே பதில்தான், அவர் சொந்தக்காரராக இருந்தாலும்.

இதற்குத் தம்பி முறையான இன்னொன்றும் இருக்கிறது. தெரியாத ஒருவர் போன் எடுத்து, "தவறுதலாக உங்கட எக்கவுண்டுக்கு நாற்பதாயிரம் போட்டுட்டன், தயவுசெய்து திருப்பி அனுப்புங்கோ" என்று அழுவார். பார்த்தால் காசும் வந்திருக்கும். இரக்கப்பட்டு அவர் தரும் நம்பருக்கு அனுப்பிவிடாதீர்கள். வங்கிக்குச் சொல்லுங்கள். வந்த வழியாகவே அவர்கள் திருப்பி அனுப்பட்டும்.

வாட்ஸ்அப்புக்கு இரண்டாவது பூட்டுப் போடாமல் விடுவது

"அக்கா, அவசரமா ஒரு முப்பதாயிரம் தேவை, என்ர பாங்க் அப் வேலை செய்யுதில்லை, நாளைக்குத் தாறன்." தெரிந்தவரின் படம், தெரிந்தவரின் நம்பர். எழுதுவது அவர் இல்லை. வாட்ஸ்அப் அவருடைய நம்பருக்கு அனுப்பிய ஆறு இலக்கக் குறியீட்டை யாரோ கேட்டு வாங்கி, வாட்ஸ்அப்பையே பறித்துவிட்டார்கள். ஸெட்டிங்ஸுக்குள் அக்கவுண்ட், அதற்குள் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். அங்கே நீங்களே ஒரு ஆறு இலக்க எண்ணைப் போட்டு வைத்தால், அந்தக் குறியீடு மட்டும் கிடைத்தவனால் உள்ளே வர முடியாது. மறந்துபோனால் மீட்பதற்கு ஈமெயிலையும் கொடுத்து வையுங்கள். காசு கேட்டு வந்தால் சாதாரண அழைப்பில் எடுத்து, குரலைக் கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

ரிப்பேருக்குக் கொடுக்கும் போன்

சிம்மைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

கனடா போனவரின் பழைய சிம்

வெளிநாடு போகிறவர்கள் இங்கத்தைய சிம்மை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ரீலோட் போடாமல் கிடந்தால் கொம்பனி அந்த நம்பரை வெட்டி, பிறகு வேறு ஆளுக்கு விற்றுவிடும். வங்கிக் கணக்கு மட்டும் பழைய நம்பரிலேயே இருக்கும். உங்கள் ஓடிபி யாரோ ஒரு கடைப் பையனின் போனுக்குப் போகும். விமானம் ஏறுவதற்கு முதல் வங்கியில் நம்பரை மாற்றுங்கள், இல்லையென்றால் அம்மாவிடம் சிம்மைக் கொடுத்து மாதா மாதம் ரீலோட் போடச் சொல்லுங்கள்.

வெட்கத்தில் ஒரு நாள் பிந்துவது

கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு அக்கா, தான் ஏமாந்து காசு அனுப்பியதை மூன்றாம் நாள்தான் என்னிடம் சொன்னார். அதுவும் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சத்தத்தைக் குறைத்து. கணவருக்குத் தெரிந்தால் பேசுவார், பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று மூன்று நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசு இப்போது சில வினாடிகளில் போய்விடுகிறது. போன காசை அவர்கள் கணக்கில் விட்டுவைப்பதும் இல்லை, ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். அவருடைய வங்கிக்கு என் கடையிலிருந்தே போன் எடுத்தோம். அந்தப் பக்கம் பேசிய பிள்ளை முதலில் கேட்டது, "எப்போது அனுப்பினீர்கள்?" என்றுதான். பதிலைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

தெரிந்த அந்த நிமிடமே வங்கியின் 24 மணிநேர நம்பருக்கு எடுங்கள், கணக்கையும் கார்ட்டையும் நிறுத்தச் சொல்லுங்கள், பெறுகிற வங்கிக்கும் அறிவிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பொலிஸ் என்ட்ரி, கணினி, இணைய மோசடிகளைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற நம்பர். கணவரிடம் சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வங்கியின் அந்த நம்பரை போனில் மட்டும் சேமித்து வைக்காதீர்கள், போனே பறிபோன நாளில் அது உதவாது. வீட்டுக் கலண்டரில், காஸ்காரரின் நம்பர் எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பெரிதாக எழுதி வையுங்கள். அந்த அக்காவின் வீட்டுக் கலண்டரில் நானே போய் எழுதிக் கொடுத்தேன்.