சக வீரரோடு மோதினால் கேரக்டர் வளருமா: கணக்குப் பார்க்கும் முறை

கொழிஞ்சாம்பாறையில் நானும் பொள்ளாச்சியில் என் மாமா மகனும் ஆன்லைன் விளையாட்டில் ஒரே கில்டில் (வீரர் குழுவில்) சேர்ந்த நாள் முதல் எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. எதிரில் வரும் வீரரை அடித்தால் கேரக்டர் (நாம் ஆட்டுவிக்கும் பாத்திரம்) வளரும் என்பது அவன் கட்சி. நேரம்தான் கரையும் என்பது என் கட்சி. இதற்கு எல்லா விளையாட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது என்பதால், சண்டையில் இறங்குமுன் உங்கள் விளையாட்டு எதற்குக் கூலி கொடுக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் போர்க்களங்களில் ஆட்களை வீழ்த்துவதற்கு எக்ஸ்பி (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) கிடைக்கத் தொடங்கியது 2009இல் வந்த 3.2 பதிப்பில்தான். 2018இல் வார் மோடு வந்தது: தலைநகருக்குப் போய் அதை இயக்கிக்கொண்டால் எதிரணியினர் உங்களைத் திறந்தவெளியில் தாக்கலாம், அதற்கு ஈடாக அங்கே கிடைக்கும் எக்ஸ்பி 10 விழுக்காடு கூடும். கேட்பதற்கு இனிக்கிறது, ஆனால் பென்சிலை எடுங்கள். ஒரு மணி நேரக் குவெஸ்டில் (விளையாட்டு தரும் பணிகளில்) கிடைப்பதை இந்தக் கூடுதலோடு ஏறத்தாழ ஐம்பத்து நான்கரை நிமிடத்தில் எடுத்துவிடலாம். மிச்சம் ஐந்தரை நிமிடம். செத்து, ஆவியாக இடுகாட்டிலிருந்து உடல் கிடக்கும் இடத்துக்கு ஓடிவர ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் ஆகிறது என்றால், மூன்றாவது சாவிலேயே கணக்கு நட்டத்தில் விழுகிறது. ஆகவே ஒரு மாலை வார் மோடோடும் மறுநாள் அது இல்லாமலும் அதே பகுதியில் ஒரு மணி நேரம் ஆடி, நடந்த நேரத்தையும் சேர்த்து எழுதிப் பாருங்கள்.

ஈவ் ஆன்லைனில் நிலைமை வேறு. அங்கே திறன்கள் கடிகாரத்தின்படி வளர்கின்றன. நீங்கள் தூங்கினாலும் பயிற்சி ஓடிக்கொண்டிருக்கும், எதிரியின் கப்பலை உடைத்தாலும் அது விரைவதில்லை. அதே சமயம் உங்கள் கப்பலுக்குப் பின் நீங்கள் தப்பிக்கும் உயிர்க்கலமும் உடைந்தால், பயிற்சியை விரைவுபடுத்த உடலில் பொருத்திய இம்ப்ளாண்டுகள் அதோடு அழியும், அதாவது சண்டை வளர்ச்சியை மெதுவாக்கவும் கூடும். விவரமானவர்கள் விலையுயர்ந்த இம்ப்ளாண்டுகள் இல்லாத வேறொரு குளோனுக்கு (மாற்று உடலுக்கு) மாறிக்கொண்டுதான் சண்டைக்குப் புறப்படுவார்கள்.

ஆல்பியன் ஆன்லைனில் மஞ்சள் மண்டலத்தில் தோற்றால் கீழே விழுவதோடு போகும். சிவப்பிலும் கறுப்பிலும் தோற்றால் உடன் கொண்டுபோன உடைமை கொள்ளை போகும். மீண்டும் வாங்க முடியாத எதையும் அங்கே உடுத்திப் போகாதீர்கள்.

கில்ட் வார்ஸ் 2இன் அரங்கச் சண்டையில் எல்லோரும் 80ஆம் லெவலுக்கு உயர்த்தப்படுகிறார்கள், கியரும் (ஆயுதம், கவசம்) சமமாக்கப்படுகிறது. லெவல் ஏறாத புதியவர் கை பழகிக்கொள்ள இதைவிட மலிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்தாருக்கு இன்னொன்று. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் நாட்களில் மின்சாரம் போய்ப் போய் வரும், பிங்கும் (சர்வரிலிருந்து பதில் வர ஆகும் தாமதம்) எகிறும். அன்றைக்குக் குவெஸ்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குரல் அரட்டையில் பாதிப் பேர் மலையாளத்தில் பேசுவது பெரிய தடையில்லை. ‘ஓடிக்கோ’ என்பது இரண்டு மொழிக்கும் பொது, சண்டையில் அதற்கு மேல் மொழி தேவைப்பட்டதும் இல்லை.

மாமா மகனும் இப்போது நோட்டில் கணக்கு எழுதுகிறான். ஆவியாக ஓடிய நேரத்தை மட்டும் இன்னமும் சேர்ப்பதில்லை.