மழை அடித்துப் போகாமல் சாணி வளம் செய்வது

குமரி மாவட்டத்துத் திருவட்டாறு பக்கம் எருக்குழி என்றால் தொழுத்துக்கு, அதாவது மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று. இரண்டிலும் குழி நிறைந்து கறுப்புத் தண்ணி வாய்க்காலுக்குப் போகும். தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) அதோடு போய்விடும். அதனால் நம்ம மேற்குப் பகுதிக்குக் குழி வேண்டாம், மேட்டில் குவியல் போடுங்கள் என்பது என் கட்சி. ஆரல்வாய்மொழி மாதிரி மழை குறைந்த இடத்தில் குழி சரிப்படும்.

வேலை தொழுத்திலேயே தொடங்குகிறது. டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ரப்பர் இலை கொட்டும். சாக்கில் வாரி வைத்து, தினமும் மாட்டுக்கு அடியில் விரியுங்கள். மூத்திரத்தை அது குடித்துக்கொள்ளும். பலர் கழுவி விடுவது இந்த மூத்திரத்தைத்தான். காலையில் சாணியோடு சேர்த்து வாருங்கள்.

தண்ணி நிற்காத இடத்தில் தென்னை மட்டைகளைக் குறுக்கே அடுக்கினால் அடியில் காற்று போகும். அதன்மேல் சாணி ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு பங்கு. குலை வெட்டிய வாழையையும் நறுக்கிப் போடலாம். ஒரு மீட்டராவது உயரம் வேண்டும், இல்லையென்றால் சூடு ஏறாது. கோழி எச்சம் இருந்தால் இலையை இன்னும் கூட்டுங்கள். மூக்கில் காரம் ஏறினால் தழைச்சத்து காற்றில் போகிறது என்று அர்த்தம். அடுப்புச் சாம்பலை இதில் கொட்டாதீர்கள், அந்த நஷ்டம் அதிகமாகும். சாம்பலைத் தனியாகத் தென்னைக்குப் போடலாம்.

மேலே முடைந்த ஓலை. முடைய ஆள் கிடைப்பதில்லை என்பது வேறு கதை. தகரம் என்றாலும் சரி, இடைவெளி விட்டுப் போடுங்கள். உள்ளே இருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒரு துளி எட்டிப் பார்க்கணும், வழியக் கூடாது. இரும்புக் கம்பியைச் செருகி வைத்து எடுத்தால் பிடிக்க முடியாத சூடு இருக்கணும். 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நாள் நின்றால் பெரும்பாலான களை விதைகள் செத்துவிடும். சூடு இறங்கியதும் வெளியே உள்ளதை உள்ளே தள்ளிப் புரட்டுங்கள்.

புரட்டும்போது பழுப்புத் தலையோடு சுருண்டு கிடக்கும் தடித்த வெள்ளைப் புழுவைத் தேடுங்கள். காண்டாமிருக வண்டின் குஞ்சு அது. தென்னங்குருத்து விரியும்போது கத்திரியால் வெட்டியது மாதிரி இருக்கிறதே, அப்படி வெட்டும் வண்டு வளர்வது நம்ம எருவில்தான். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். இந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணம் வாங்கிக் கலப்பதும் நல்லது, ஆனால் சூடு ஆறிய பிறகு. சூட்டில் அதுவும் செத்துப்போகும்.

மூன்று நாலு மாதத்தில் உதிரியாகி மண்வாசம் வரும். வாழைக் குழிக்கு 10 கிலோ, தென்னைக்கு வருஷம் 50 கிலோ. தென்னைக்குத் தூரோடு ஒட்டிக் குவிக்காமல், 1.8 மீட்டர் ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து, பரவலாகப் போட்டு மண்ணால் மூடுங்கள்.