வண்டியை எடுப்பதற்கு முன்பே காற்றைப் பாருங்கள்

போன வருடம் கத்திரி வெயிலில், குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக நானும் என் மனைவியும் சத்துவாச்சாரியிலிருந்து பைக்கில் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா நெருங்கும்போது வண்டியின் பின்பக்கம் நெளிய ஆரம்பித்தது. பக்கத்தில் போகும் லாரிகளின் காற்றுதான் தள்ளுகிறது என்று முதலில் நினைத்தேன். ஓரமாக நிறுத்தி, பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரிதான் இருந்தது. சந்தேகம் தீராமல் ஒரு பஞ்சர் கடையில் காட்டினால், 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டிய இடத்தில் காற்று மீட்டர் 20 காட்டியது. பஞ்சர் எதுவும் இல்லை. இரண்டு மாதமாக நான் காற்றே பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதுவும் சுட்ட ரோட்டில் ஓடிச் சூடான டயரில் 20 என்றால், காலையில் வீட்டில் கிளம்பும்போது அதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். பின்னால் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு அந்த டயரை நம்பி வந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து வாரம் ஒரு முறை நானே பார்க்கிறேன். ஐந்து நிமிட வேலை. புதிதாக வண்டி வாங்கியவர்களும் செய்யலாம்.

முதலில் உங்கள் வண்டிக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் கம்பியிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அங்கே இல்லையென்றால் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் கட்டாயம் இருக்கும். முன் டயருக்கு ஓர் அளவு, பின் டயருக்கு ஓர் அளவு, டபுள்ஸ் போனால் பின் டயருக்கு வேறோர் அளவு. சாதாரண 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் 25, தனியாகப் போனால் பின்னால் 28 அல்லது 29, இரண்டு பேர் என்றால் 32 அல்லது அதற்கு மேல் என்று இருக்கும். உங்கள் வண்டியின் எண் எதுவோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நண்பருடைய வண்டியின் எண் உங்களுக்கு உதவாது. சில ஸ்டிக்கரில் பி.எஸ்.ஐ.க்குப் பதிலாக 2.00 என்றோ 200 என்றோ போட்டிருப்பார்கள். முன்னது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு, 28 பி.எஸ்.ஐ.க்குக் கொஞ்சம் மேல். பின்னது கிலோபாஸ்கல், 29 பி.எஸ்.ஐ.

டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அந்த அளவுக்குக் காற்று அடிக்காதீர்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்சம். உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவு அது இல்லை.

அடுத்து, சொந்தமாக ஒரு காற்று மீட்டர் வாங்குங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பேனா மாதிரி இருப்பது விலை குறைவு, ஆனால் அதன் கோடுகளைப் படிப்பது கஷ்டம். முள் காட்டும் வட்ட மீட்டரோ டிஜிட்டலோ வாங்கினால் நல்லது. கட்டைவிரலோ, காலால் உதைத்துப் பார்ப்பதோ 20க்கும் 30க்கும் வித்தியாசம் சொல்லாது. அதை நான் பள்ளிகொண்டாவில் பார்த்துவிட்டேன்.

இப்போது முக்கியமான விஷயம். காற்றைக் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். ஸ்டிக்கரில் இருக்கும் எண் ஆறிய டயருக்கானது. ஓட்டி முடித்து மூன்று மணி நேரமாவது நிழலில் நின்றிருந்தால்தான் டயர் ஆறியிருக்கிறது என்று கணக்கு. சூடானால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறும். பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் சுமாராக ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். நம் ஊரில் மே மாதம் 40 டிகிரி தாண்டுவது எல்லோருக்கும் பழகிய விஷயம், தார் ரோடும் டயரும் அதைவிடச் சுடும். காலையில் 29 இருந்த என் பின் டயர், கிரீன் சர்க்கிள் நெரிசலையெல்லாம் தாண்டிக் காட்பாடி போய் மதியம் திரும்பி வந்தபோது 33 காட்டியது. இதைப் பார்த்து ‘அதிகமாக இருக்கிறதே’ என்று காற்றைப் பிடுங்கிவிட்டால் மறுநாள் காலையில் 25தான் மிச்சம் இருக்கும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது.

பார்க்கும் முறை எளிது. வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கீழே வைத்தால் உருண்டு போய்விடும். மீட்டரை வால்வின் மேல் நேராக, ஒரே அழுத்தாக அழுத்துங்கள். ஆரம்பத்தில் ‘புஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்து நின்றுவிட வேண்டும். சத்தம் தொடர்ந்து வந்தால் மீட்டர் சாய்ந்திருக்கிறது, எண் தப்பாகத்தான் காட்டும். இரண்டு முறை பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

குறைவாக இருந்தால் வீட்டிலேயே கால் பம்பில் அடிக்கலாம். பம்ப் இல்லை, பெட்ரோல் பங்க்குக்குத்தான் போக வேண்டும் என்றால், போகும் வழியிலேயே டயர் சூடாகிவிடுமே, என்ன செய்வது? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. காலையில் வீட்டில் 24, தேவை 29 என்று வைத்துக்கொள்வோம். குறைவது 5. பங்க்குக்குப் போனதும் மறுபடி உங்கள் மீட்டரில் பாருங்கள். சூட்டில் 27 காட்டுகிறதா? அதோடு 5 சேர்த்து 32 வரும்வரை அடிக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் பார்த்தால் 29க்குப் பக்கத்தில் நிற்கும். எனக்கு இது ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்திருக்கிறது.

பங்க்கில் எண்ணை நீங்களே சொல்லுங்கள். கேட்காவிட்டால் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடித்துவிடுவதும் உண்டு. ஒரு பங்க்கில் என் முன் டயருக்கு 40 அடித்துவிட்டார்கள், வீடு வரும்வரை ஒவ்வொரு சின்னக் குழிக்கும் ஹேண்டில்பார் கையில் குத்தியது. காற்று அதிகமானால் டயர் ரோட்டைத் தொடும் இடம் சுருங்கிவிடும், மழை ஈரத்தில் பிரேக் பிடித்தால் வழுக்கும். பங்க்கில் காற்றுக்குக் காசு கிடையாது, அதனால் கூச்சப்படாமல் நின்று சரிபார்த்துவிட்டே கிளம்புங்கள்.

அடித்து முடித்ததும் விரலில் கொஞ்சம் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வையுங்கள். குமிழ் வந்தால் வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சின்ன ஊசி (கடையில் ‘பின்’ என்பார்கள்) கசிகிறது. அதைப் பஞ்சர் கடையில் மாற்றிவிடலாம், சின்ன வேலைதான். அப்புறம் மூடியை மறக்காமல் போடுங்கள். பாலாற்றங்கரைப் புழுதி உள்ளே போகாமல் காப்பது அதுதான்.

ட்யூப் டயர் என்றால் வாரம் ஒரு முறை, ட்யூப்லெஸ் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். ஏலகிரி மாதிரி மலைக்குப் போவதாக இருந்தால் அன்று காலையிலேயே பாருங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைச் சாய்த்துத் திருப்பும்போது, காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் மடங்கும். பின்னால் ஆள் உட்காருகிறார் என்றால் டபுள்ஸ் அளவுக்கு ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

டயரைக் கண்ணாலும் பாருங்கள். நடுவில் மட்டும் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் மேடுகள்) தேய்ந்திருந்தால் பல நாளாகக் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் குறைவு. குறைவான காற்றோடு ஓடும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நசுங்கி விரிவதால் உள்ளுக்குள் சூடேறும். நம் வெயிலும் சேர்ந்தால் டயர் சீக்கிரம் கெடும், மைலேஜும் இறங்கும்.

நான் சமையலறைக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலேயே இரண்டு எண்களையும் எழுதிவிடுகிறேன். போன மாதம் முன் டயர் வாரத்துக்கு அரை பி.எஸ்.ஐ.கூட இறங்காதபோது, பின் டயர் மட்டும் நான்கு இறங்கியிருந்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பட்டனுக்கு நடுவே குமிழ் வந்தது. உள்ளே ஒடிந்து நின்ற வேலிக்காத்தான் முள். உங்களுக்கும் இப்படி ஒன்று தென்பட்டு, டயர் ட்யூப்லெஸ் என்றால், வீட்டில் வைத்துப் பிடுங்காதீர்கள். துளையை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். காற்றை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் பஞ்சர் கடைக்கு ஓட்டிப் போய், அங்கே எடுக்கச் சொல்லுங்கள்.